இசை மாணவனின் ஒரு நாள்



கொல்லிமலைக்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. சங்க காலத்தில் இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வன்பரணர் என்னும் புலவர் அவனைப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்றில், பாணரும் விறலியரும் முழவு, யாழ் முதலிய கருவிகளை இசைத்துத் துறைகள் பலவற்றையும் முறையாகப் பாடி முடித்து, இறுதியில் தலைவனை விளித்துப் புகழ்ந்தபோது, அவன் தன் புகழைத் தானே கேட்டு நாணி நின்றான் என்று கூறப்படுகின்றது. மற்றொரு பாடலில் உள்ள செய்தி இன்னும் சுவையானது. ஓரி அளித்த பொன்னாலும் பொருளாலும் பசி அறவே நீங்கிய பாணர் சுற்றத்தார், ஆடவும் மாட்டாதவராய்ப் பாடலையும் மறந்து போயினராம்.

இச்செய்தியை வகுப்பில் கூறும்போதெல்லாம் மாணவர் நகைப்பதுண்டு. நானும் அவர்களோடு சேர்ந்து நகைத்திருக்கின்றேன். ஆனால் அந்நகைப்பு அடங்கிய பின்னர் ஒரு வினா எஞ்சி நிற்கும். பசி நீங்கியவர் பாடலை மறந்தனர் என்றால், பசி நீங்காதவர் பாடலைக் கற்பது எங்ஙனம்? இன்று ஓரி இல்லை. இசை பயில விரும்பும் ஏழை மாணவன் ஒருவன், தன் உணவிற்கும் உறையுளுக்கும் தானே ஓரளவு உழைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் இசையும் பயில வேண்டியிருக்கின்றது. அவனுடைய ஒரு நாள் எவ்வாறு கழிகின்றது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

முதற்கண், இசைக்கல்வி பல்கலைக்கழகத்திற்குள் வந்த வரலாற்றைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். நெடுங்காலமாக நம் நாட்டில் இசை குருகுல முறையிலேயே பயிலப்பட்டு வந்தது. மாணவன் ஆசிரியர் இல்லத்திலேயே தங்குவான். தண்ணீர் எடுத்து வருவான், துணி துவைப்பான், கடைக்குச் செல்வான், ஆசிரியர் கச்சேரிக்குப் புறப்பட்டால் தம்புராவைச் சுமந்து உடன் செல்வான். இவ்வாறு வேலை செய்துகொண்டே, ஆசிரியர் பாடுவதைக் காதால் பருகுவான். அங்கே உழைப்பும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அவன் செய்த ஏவல்களே அவன் உண்ட உணவிற்கும் கற்ற கல்விக்கும் கொடுத்த விலை எனலாம். அம்முறையில் குறைகளும் இருந்தன. ஆசிரியரின் மனம் கனிந்தால்தான் பாடம் கிடைக்கும். ஆண்டுகள் பல காத்திருந்தவரும் உண்டு. எல்லாக் குலத்தார்க்கும் அக்கதவு திறந்ததும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறத் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் நிறுவனரான அண்ணாமலைச் செட்டியார் அங்கே இசைக்கல்லூரியும் கண்டார். சென்னைப் பல்கலைக்கழகமும் இசையைப் பாடமாக ஏற்றது; பேராசிரியர் சாம்பமூர்த்தி அவர்கள் அங்கே இசைத்துறையை வளர்த்தார்கள். 1949ஆம் ஆண்டில் சென்னையில் அரசினர் இசைக்கல்லூரி தோன்றியபோது முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல்வரானார். 2013ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இசைக்கும் கவின் கலைகளுக்கும் எனத் தனியே ஒரு பல்கலைக்கழகத்தையும் நிறுவியது. இவற்றால் இசையின் கதவு பலருக்கும் திறந்தது. எனினும் ஒரு மாற்றத்தை நாம் கருதிப் பார்க்க வேண்டும். குருகுலத்தில் உழைப்பு இசையின் அருகிலேயே இருந்தது. கல்லூரி மாணவனுக்கோ, உழைப்பு ஓரிடத்திலும் இசை வேறிடத்திலும் ஆயின. இரண்டிற்கும் இடையே அவன் தன் நாளைப் பங்கிட வேண்டியவனாகின்றான்.

நான் கூறப்போகும் மாணவன் திண்ணனூர் நாட்டைச் சேர்ந்தவன். நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் 'நாடு' என்பது சிற்றூர்கள் பல சேர்ந்த ஒரு தொகுதியைக் குறிக்கும்; அவ்வகையில் மலைமீது பதினான்கு நாடுகள் உள்ளன. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறுகின்றது. மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் மரவள்ளியும் சாமையும் அங்கே விளைகின்றன. இம்மாணவனின் தந்தைக்குச் சிறிது மரவள்ளிக் கொல்லை உண்டு. கிழங்கின் விலை ஏறினால் வீட்டில் விளக்கு ஒளிரும். இறங்கினால் கடன் ஏறும்.

சிறுவனாக இருந்தபோது அவன் பள்ளியில் கடவுள் வாழ்த்துப் பாடுவான். ஒருமுறை கேட்ட மெட்டு அவன் நெஞ்சை விட்டு அகலாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், சமவெளியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வாய்ப்பாட்டுப் பயில விரும்பினான். அவன் தந்தையார் என்னிடம் வந்து, "ஐயா, பாட்டுப் படித்தால் சோறு வருமா?" என்று கேட்டார். அவ்வினாவை நான் எளிதாக எண்ணவில்லை. "உறுதியாக வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வழிகள் உண்டு. பள்ளிகளில் இசையாசிரியர் ஆகலாம். தேவாரம் முறையாகப் பயின்றோர் கோயில்களில் ஓதுவார் ஆகலாம். வானொலியில் குரல் தேர்வில் வெற்றி பெற்றுப் பாடலாம். பையன் முயல்வான் என்று நம்புகின்றேன்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படியானால் அனுப்புகின்றேன், ஆனால் பணம் அனுப்ப என்னால் இயலாது" என்றார். பையன், "நான் வேலை செய்துகொள்வேன் ஐயா" என்றான்.

இனி, இசை மாணவனின் நாள் ஏனைய மாணவரின் நாளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைக் காண்போம். வரலாறு பயில்பவன் ஒரு வாரம் நூலைத் திறக்காதிருந்து, அடுத்த வாரம் இரவு பகலாகப் படித்து ஈடு செய்துவிட முடியும். இசையில் அது நடவாது. ஆறு நாள் பாடாதிருந்துவிட்டு ஏழாம் நாள் பதினெட்டு மணி நேரம் பாடினால் குரல் கெடுமேயன்றிப் பயிற்சி கூடாது. உணவைப் போலவும் உறக்கத்தைப் போலவும், பயிற்சியையும் அன்றன்றே அளவறிந்து கொள்ள வேண்டும். இதனையே நம் முன்னோர் சாதகம் என்றனர்.

சாதகத்திற்கு உரிய காலம் வைகறை. அப்பொழுது ஊர் அடங்கியிருக்கும். காது கூர்மையாக இருக்கும். மனம் வேறு எதிலும் படியாதிருக்கும். மாணவன் சுருதியைக் கூட்டி, கீழ்ச் சுரங்களில் தொடங்கி, ஒவ்வொரு சுரத்தையும் அகாரத்தில் நீள நிறுத்திப் பாடுகின்றான். அன்று தம்புராவை மீட்டியவன், இன்று சுருதிப் பெட்டியையோ கைப்பேசியையோ இயக்குகின்றான். கருவி மாறினும் செயல் ஒன்றே. பின்னர் வரிசைகளையும் அலங்காரங்களையும் மூன்று காலங்களில் பாடுகின்றான். முதற்காலத்தில் ஒரு தாள எண்ணிக்கைக்கு ஒரு சுரம் என்றால், இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. கை தாளத்தை மாற்றாமல் போட்டுக்கொண்டிருக்க, குரல் மட்டும் இருமடங்கும் நான்மடங்கும் விரைந்து செல்ல வேண்டும். மாயாமாளவகௌளை இராகத்தில் இப்பயிற்சிகளைத் தொடங்கும் முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெரியார் இட்ட படிகளிலேயே இன்றைய பல்கலைக்கழக மாணவனும் ஏறுகின்றான்.

காலையில் பாடியவன் பகலில் வகுப்பிற்குச் செல்கின்றான். அங்கே ஆசிரியர் ஒரு கீர்த்தனையைப் பகுதி பகுதியாகப் பாடிக் காட்ட, மாணவர் திருப்பிப் பாடுவர். இதனோடு இசையியல் என்னும் ஏட்டுக் கல்வியும் உண்டு. 72 மேளகர்த்தா இராகங்கள் எவ்வாறு அமைந்தன, ஏழு தாளங்கள் ஐந்து சாதிகளோடு சேர்ந்து 35 ஆவது எங்ஙனம், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இசையைப் பற்றி என்ன உணர்த்துகின்றது, விபுலானந்த அடிகளார் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூலின் முடிபுகள் யாவை என்பனவெல்லாம் அதில் அடங்கும். தேவாரப் பண்களும் பாடமாக உள்ளன. அப்பண்களுள் ஒன்றின் பெயர் கொல்லி என்பதை அறிவீர்களா? திருநாவுக்கரசர் சூலை நோய் தீரத் திருவதிகையில் பாடிய முதற்பதிகம் அப்பண்ணில் அமைந்தது. இக்காலத்தில் அதனை நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். நம் மாணவன் முதன்முதலாக அப்பண்ணைக் கற்ற நாளில், "எங்கள் மலையின் பெயரில் ஒரு பண் இருக்கின்றது ஐயா" என்று பெருமகிழ்ச்சியோடு எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தான்.

ஆயினும் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவன் சென்ற வேலை, பேருந்து நிலையத்தை அடுத்த ஓர் உணவு விடுதியில் சப்ளையர் வேலை. மாலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை, வாரம் ஏழு நாளும் அங்கே நின்றான். உண்ண வந்தவர் கேட்கும் பண்டங்களை, அடுப்பின் இரைச்சலையும் மீறிச் சரக்கு மாஸ்டருக்குக் கேட்கும்படி உரக்கக் கூவ வேண்டும். தோசைக் கல்லின் புகையும் தாளிக்கும் மிளகாயின் நெடியும் மூச்சோடு கலக்கும். அறைக்குத் திரும்பிப் படுக்கையில் நள்ளிரவு ஆகிவிடும். முதல் சில வாரங்கள் விடியலில் எழுந்து பாடினான். பிறகு ஆறரை மணிக்கு எழலானான். பிறகு சாதகமே நின்றது.

ஒரு நாள் அரசு வழங்கும் கல்வி உதவித்தொகையைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்திற்கு இறுதி நாள். முந்தைய இரவு விடுதியில் கூட்டம் மிகுதி. மறுநாள் அயர்ந்து உறங்கிவிட்டான், விண்ணப்பம் கொடுக்கப்படவில்லை. உழைத்து ஈட்டியதை உறங்கி இழந்தான். அதற்குச் சில நாள்களுக்குப் பின் வகுப்பில் மேல் ஸ்தாயியைத் தொட முயன்றபோது குரல் எழும்பவில்லை. காற்று மட்டுமே வந்தது.

குரல் எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். குரல்வளையினுள் இரண்டு மென்மையான குரல் நாண்கள் உள்ளன. மூச்சுக்காற்று அவற்றின் இடையே செல்லும்போது அவை ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. வளர்ந்த ஆடவர் இயல்பாகப் பேசும்போதே நொடிக்கு நூறு முறைக்கு மேல் அவை அதிரும்; மேல் ஸ்தாயியில் பாடும்போது அதிர்வு இன்னும் பல மடங்காகும். உரக்கக் கத்தினால் மோதல் கடுமையாகின்றது. புகை அவற்றின் ஈரப்பசையைக் கெடுக்கின்றது. உறக்கமின்மை அவை தேறுவதற்கு வேண்டிய ஓய்வைப் பறிக்கின்றது. அதனால் அவை வீங்கித் தடித்து, முறையாக ஒன்றுசேர மாட்டாதவை ஆகின்றன. வீணை வாசிப்பவர் தம் கருவியை உறையிட்டு மூலையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லலாம். பாடுபவனோ தன் கருவியை எங்குச் சென்றாலும் உடன் கொண்டு செல்கின்றான். அவன் கத்தினால் அவனுடைய வீணையே அடிபடுகின்றது.

மருத்துவர் அவனைச் சில வாரம் பாட வேண்டாம் என்றும், பேச்சையும் குறைக்கும்படியும் கூறினார். அவன் மலைக்குத் திரும்பி வந்து என்னைப் பார்த்தான். மெல்லிய குரலில், "ஐயா, படிப்பை விட்டுவிடலாம் என்று இருக்கின்றேன். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை, வேலைக்குச் சென்றால் பாட்டு இல்லை" என்றான்.

நான் அவனுக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துவந்து, "தம்பி, கணக்குப் போடு" என்றேன். நீங்களும் அக்கணக்கை உடன் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஏழு மணி வீதம் உறக்கத்திற்கு 49. வகுப்பு, ஐந்து நாள்களுக்கு ஆறு மணி வீதம் 30. சாதகம், நாள்தோறும் மூன்று மணி வீதம் 21. ஏட்டுப் பாடம், நாள்தோறும் ஒரு மணி வீதம் 7. குளியல், உணவு, துணி துவைத்தல், வழிநடை ஆகியவற்றிற்கு நாள்தோறும் நான்கு மணி வீதம் 28. கூட்டினால் 135. எஞ்சியிருப்பது 33 மணி நேரம். அவன் விடுதியில் உழைத்ததோ 35 மணி நேரம்!

அவன் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இரண்டு மணி குறைகின்றது ஐயா" என்றான். "ஆம். அந்த இரண்டு மணி உறக்கத்திலிருந்து போயிற்று. உறக்கம் போகவே சாதகம் போயிற்று. சாதகம் போகவே குரல் போயிற்று. நீ சோம்பல் உடையவன் அல்லை. உனக்குத் திறமையும் குறைவில்லை. கணக்குத்தான் தவறு" என்றேன். அவன் முகம் அப்பொழுதுதான் சற்றுத் தெளிந்தது. தன்னிடமே குற்றம் உள்ளது என்று எண்ணி அவன் பல நாள் உள்ளம் நொந்திருந்தான் போலும்.

மாணவர்களே, பகுதிநேர வேலை செய்வது இழிவு அன்று. கல்விக்குப் பகையும் அன்று. ஆனால் எந்த வேலை, எவ்வளவு நேரம், எந்தப் பொழுதில் என்னும் மூன்றையும் ஆராயாமல் ஏற்றால் அது கல்வியை உண்டுவிடும். முதலாவது, நீங்கள் பயிலும் கலைக்கு எந்த உறுப்பு இன்றியமையாததோ, அந்த உறுப்பை வருத்தும் வேலை கூடாது. பாடுபவன் கூவும் வேலையையும் புகை சூழ்ந்த வேலையையும் விலக்க வேண்டும். மிருதங்கமோ வீணையோ பயில்பவன் விரல்கள் இறுகும்படியான சுமை வேலையை விலக்க வேண்டும். இரண்டாவது, வாரக் கணக்கில் எஞ்சும் மணிகளுள் ஏறக்குறைய பாதியையே வேலைக்குக் கொடுக்க வேண்டும். மீதி, நோய்க்கும் எதிர்பாராத பணிக்கும் ஓய்விற்கும் வேண்டும். மூன்றாவது, உங்கள் நாளின் மிகச் சிறந்த பொழுது எதுவோ, அதனை எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது. இசை மாணவனுக்கு அது வைகறை.

இவ்வாறு உழைத்துக்கொண்டே இசை கற்றவர் நம் நாட்டில் மட்டும் இருந்தார் அல்லர். ஐரோப்பாவில் ஆஸ்திரிய நாட்டில் 1732ஆம் ஆண்டில் ஒரு வண்டித் தச்சரின் மகனாகப் பிறந்த யோசப் ஐடன் என்பவரைச் சான்றாகக் கூறலாம். அவர் சிறு வயதில் வியன்னா நகரத்துப் பேராலயத்தில் பாடும் சிறுவருள் ஒருவராக இருந்தார். வளர்ந்து குரல் உடைந்ததும் அவ்விடத்தை விட்டு நீக்கப்பட்டார். ஒரு வீட்டின் கூரையடி அறையில் தங்கி, சிறுவர்க்கு இசை கற்பித்தும், தெருக்களில் இரவு நேரத்தில் இசைக் குழுவினரோடு வாசித்தும் வயிறு வளர்த்தார். போர்ப்போரா என்னும் இத்தாலிய இசையாசிரியர் ஒருவருக்குப் பணியாளராகவும் அமர்ந்தார். அவருடைய மாணவர்க்குப் பக்க வாத்தியம் வாசிப்பதோடு, அவர் ஏவிய சில்லறை வேலைகளையும் செய்தார். அதற்கு ஈடாக இசையமைக்கும் கலையை அவரிடம் கற்றார். நம் குருகுல முறையை இது நினைவூட்டவில்லையா? பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் போற்றிய இசைமேதைகளுள் ஒருவராக அவர் விளங்கினார். அவர் செய்த வேலைகளுள் பெரும்பாலானவை இசையின் அருகிலேயே இருந்தன என்பதை நீங்கள் கருத வேண்டும்.

நம் நாட்டிலும் ஆபிரகாம் பண்டிதர் இருந்தார். 1859ஆம் ஆண்டில் தென்காசிப் பகுதியில் பிறந்த அவர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்திலேயே இசையும் பயின்றார். பின்னர் தஞ்சையில் சித்த மருத்துவராகப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு 1912ஆம் ஆண்டு முதல் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பேரிசை நூலை வெளியிட்டார். அவருக்குத் தொழில் இசையின் காவலனாக நின்றது. ஓரி பாணர்க்குச் செய்ததை, இவர் தம் உழைப்பால் தமக்கும் பிறர்க்கும் செய்துகொண்டார் எனலாம்.

நம் மாணவன் என்ன செய்தான் என்பதைக் கூறி முடிக்கின்றேன். விடுதி வேலையை விட்டான். வாரத்தில் நான்கு மாலைகள், 5 மணி முதல் 8 மணி வரை, கல்லூரி அருகில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அமர்ந்தான். சனி, ஞாயிறு காலைகளில் மூன்று மணி நேரம் சிறுவர் சிலருக்குச் சரளி வரிசை கற்பித்தான். ஆக, 18 மணி நேரம். வருவாய் குறைந்தது, அதனை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. வீட்டிற்கு அனுப்பி வந்த சிறு தொகையை நிறுத்த நேர்ந்தது. அவன் தந்தையார் அதனைப் பொறுத்துக்கொண்டார். அவ்வாண்டு அவர் ஒரு கறவை மாட்டையும் விற்றார். ஒருவன் இசை கற்பதற்கு எத்தனை பேர் விலை கொடுக்கின்றனர் என்பதை மாணவர் ஒருபோதும் மறத்தலாகாது.

இப்பொழுது அவனுடைய நாள் இவ்வாறு அமைந்துள்ளது. 5 மணிக்கு எழுந்து 6.30 வரை அகார சாதகமும் வரிசைகளும். குளித்துச் சிறிது உண்டபின், 7.15 முதல் 8.45 வரை முந்தைய நாள் வகுப்பில் கற்ற உருப்படிகள். 9.30 முதல் 4.30 வரை, நடுவில் ஒரு மணி ஓய்வோடு வகுப்புகள். 5 முதல் 8 வரை வேலை. உணவிற்குப் பின் 9 முதல் 10 வரை ஏட்டுப் பாடம். 10 மணிக்கு உறக்கம். வேலை இல்லாத ஐந்தாம் மாலையில் அருகில் நடைபெறும் கச்சேரிக்குச் செல்கின்றான். இல்லையேல் வானொலியில் கேட்கின்றான். கேள்வி ஞானம் இன்றி இசை நிரம்பாது அன்றோ?

சிறுவர்க்குக் கற்பிக்கத் தொடங்கிய பின் அவன் ஓர் உண்மையைக் கண்டுகொண்டான். "ஐயா, அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் என் ரிஷபம் சற்றுக் கீழே நிற்பது எனக்கே தெரிகின்றது" என்றான். ஆசிரியராக இருந்தவர் அனைவரும் அறிந்த உண்மை இது. கற்பித்தல், கற்றலின் மறுபாதி. அவ்வேலையில் அவனுக்குக் கிடைத்த ஊதியம் சிறிதே. ஆனால் செலவிட்ட நேரம் இசைக்கே திரும்பி வந்தது.

குரல் மெல்ல மெல்லத் தெளிந்தது. அவ்வாண்டுத் தேர்வில் ஒரு தாளில் தவறினான். மறுமுறை எழுதி வென்றான். உதவித்தொகை விண்ணப்பத்தை அடுத்த ஆண்டு முதல் நாளிலேயே கொடுத்தான். இப்பொழுது இறுதி ஆண்டில் இருக்கின்றான். வானொலிக் குரல் தேர்விற்கு ஆயத்தம் செய்து வருகின்றான். வெற்றி பெறுவானோ மாட்டானோ, நான் அறியேன். ஆனால் நாள்தோறும் வைகறையில் பாடுகின்றான் என்பதை அறிவேன்.

கொல்லிமலையின் பலாப்பழம் புகழ் பெற்றது. பலா மரத்திற்கு இன்னொரு பெருமையும் உண்டு. தஞ்சாவூர் வீணையின் குடமும், மிருதங்கத்தின் உடலும், தவிலும் அம்மரத்திலேதான் கடையப்படுகின்றன. வெட்டிய மரத்தை உடனே கடைவதில்லை. ஈரம் வற்றும்வரை அதனை நிழலில் பொறுமையாக உலர்த்துவர். வெயிலில் இட்டு விரைந்து உலர்த்தினால் வெடிக்கும். உலராமலே கடைந்தால் பின்னர் வளையும். உழைப்பு என்னும் வெப்பம் இசை மாணவனுக்கும் வேண்டியதே. அது அளவோடு இருந்தால் அவன் நாதம் தருவான், மிகுந்தால் வெடித்துவிடுவான்.

இசை பயில்வோர்க்கு மட்டும் நான் இதனைக் கூறவில்லை. பொறியியல் பயில்வோரும் வேளாண்மை பயில்வோரும் உழைத்துக்கொண்டே கற்க நேரலாம். அப்படியாயின், இன்றிரவே ஒரு தாளை எடுத்து 168 என்னும் எண்ணை எழுதிக் கணக்கிட்டுப் பாருங்கள். கழித்தல் முடிந்தபின் என்ன எஞ்சுகின்றது என்பதைக் கண்டபிறகே வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். முன்பே ஒப்புக்கொண்டிருந்து கணக்குப் பொருந்தவில்லையெனில், உங்கள் ஆசிரியரிடம் சென்று அத்தாளைக் காட்டுங்கள். அதற்கு நாண வேண்டுவதில்லை.